கார்டுக்கு உறை இல்லை

எர்ணாவூர்,
3.2.2025

அன்புள்ள ஷைனி அக்காவுக்கு,

காலை 11.20. ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை.

கடிதம் என்றால் முதலில் தோத்திரம் சொல்லி நலம் கேட்க வேண்டும். அப்படித் தொடங்கி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஜானட் போன இந்த நேரத்தை எழுதாமல் அடுத்த வரி வரவில்லை. தோத்திரம் அக்கா. நீங்களும் மடத்துச் சகோதரிகளும் நலமா?

அன்று மதியமே அத்தை உங்கள் மடத்துக்குப் போன் போட்டு மதரிடம் சொல்லிவிட்டார்களாம். அடைபட்ட மடத்திலிருந்து கூடப்பிறந்தவளின் அடக்கத்துக்குக்கூட வர முடியாது என்பது எனக்குத் தெரியும். வராதவருக்கு எப்படி நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நான் காட்டுப்பள்ளியில் கப்பல் யார்டில் இருந்தேன். என் வேலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கப்பலின் இரும்புத் தகடுகளை வெல்டு வைத்து ஒட்டிய இடத்தில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கிறதா என்று ஒலி அனுப்பிப் பார்ப்பது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஜானட்தான் என்னை வேலைக்குத் துரத்தினாள். "ரெண்டு நாளு போய் வேலயப் பாரு. என் மூஞ்சியவே பாத்துகினு குந்திகினு இருந்தா எனக்கே பேஜாரா கீது" என்றாள். டாக்டரும் இப்போதைக்குப் பயமில்லை என்றார். போனேன்.

வார்டு நர்ஸ்தான் கூப்பிட்டார். "கொஞ்சம் வர்றீங்களா சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் பீம்ராவ் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா மாமே, இன்னாச்சு? சரி, ஒண்ணியும் சொல்லாதே. ஹெல்மெட்டு போட்டுக்கோ, ஏறு" என்று வண்டியை எடுத்தார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. போய்ச் சேர 12.55. அவள் கை முழுக்கக் குளிர்ந்திருக்கவில்லை.

மறுநாள் ராயபுரம் கோவிலில் பூசை. காசிமேடு கல்லறையில் அடக்கம். நான் அழவில்லை. பெட்டி மூடியில் ஆணி நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்து மூன்று வயது என்று சிலுவையில் எழுதினார்கள். பிப்ரவரி 19 முப்பதாம் நாள் பூசை.

அத்தை சாப்பிடுகிறார்கள். நானும் சாப்பிடுகிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோ


மடம்,
13.2.2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பி ஜோ,

உன் கடிதத்தை மதர் என்னிடம் தந்தபோது அவர்கள் கண்ணும் கலங்கியிருந்தது. இங்கே வரும் கடிதங்களை மதர் முதலில் வாசிப்பது வழக்கம், தெரியும்தானே? நான் சுகம். அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறேன் என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. சோறு வடிக்கத் தெரியாவிட்டால் அம்மா வீட்டில் போய்ச் சாப்பிடு.

இருபத்தொன்றாம் தேதி எங்கள் சிற்றாலயத்தில் விடிய விடிய அவளுக்காகச் செபித்தோம். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவள் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனபோது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தியதுதான் ஞாபகம் வந்தது.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அவளுக்கு முதலில் எப்படித் தெரிந்தது? ரத்தம் என்று அம்மா போனில் சொன்னார்களாம். அது என்ன நிறம்? தினமும் வந்ததா, விட்டு விட்டா? வலியே இல்லாமலும் வருமா? அவளுக்காகச் செபிக்கும்போது அவள் பட்டதையெல்லாம் அறிந்து செபிக்க ஆசை. அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொரு செய்தி. மார்ச் 5 சாம்பல் புதன். அன்று முதல் ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருகிற உறைகள் மதரின் மேசை இழுப்பறையில் மூடியபடி இருக்கும். நீ பதில் எழுதுவதானால் அதற்குமுன் எழுது.

முப்பதாம் நாள் பூசையில் உங்களோடு மனதால் இருப்பேன். மரியன்னை உன்னைக் காக்க.

ஷைனி


எர்ணாவூர்,
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு, தோத்திரம். நலமா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு வாரமாக இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாட்கள் எப்படிப் போகின்றன என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

2023 மார்ச்சில் முதன்முதலில் ரத்தம். சில நாள் பளிச்சென்ற சிவப்பு, சில நாள் கருஞ்சிவப்பு. விட்டு விட்டு வந்தது. வலி இல்லை. வலி இல்லாததால்தான் யாரும் பயப்படவில்லை. அத்தை மூலம் என்றார்கள். ரயில்வே ஸ்டேஷன் சுவரெல்லாம் மூலம், பவுத்திரம் என்று போஸ்டர் ஒட்டியிருக்குமே, அதில் ஒரு நம்பருக்குப் போன் போட்டு லேகியம் வாங்கினாள். களிம்பு பூசினாள். பதினொரு மாதம். இடையில் மெலிந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டயட் என்று சிரித்தாள். வயிறு ஒரு வாரம் இறுகும், ஒரு வாரம் இளகும். 2024 பிப்ரவரியில் மயங்கி விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். அப்போதே கல்லீரல் வரை போயிருந்தது.

டாக்டர் இஷ்ரத் என்று ஓர் அம்மா. ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். குடலின் உள்தோலில் தினமும் பழைய செல் உதிர்ந்து புதிது வளர்கிறது. எங்கோ ஒரு செல் தன்னைப் பிரதி எடுக்கும்போது தவறு செய்கிறது. எப்போது நிறுத்துவது என்பது அதற்கு மறந்துபோகிறது. முதலில் மரு மாதிரி ஒரு முளைப்பு வரும். பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான முளைப்புகள் அப்படியே கிடக்கும். ஒன்றிரண்டு மேலும் மேலும் தவறு செய்து, வருடக்கணக்கில் வளர்ந்து, உள்தோலிலிருந்து குடல் சுவருக்குள் வேர்விடும். சுவரைத் தாண்டினால் பக்கத்து நெறிக்கட்டிகள். அங்கிருந்து கல்லீரல்.

"முளைப்பா இருக்கும்போதே பாத்திருந்தா, குழாய் விட்ட இடத்துலயே கம்பிச் சுருக்குப் போட்டு நறுக்கி எடுத்திருப்போம். அதோட முடிஞ்சிருக்கும்" என்றார்.

நானும் அதே வேலைதான் செய்கிறேன், அக்கா. வெடிப்பு தலைமுடி அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்துச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவேன். பன்னிரண்டு வருடமாக. என் வீட்டுக்குள் பதினொரு மாதம் பார்க்கவில்லை.

முக்கியமான விஷயம். இவ்வளவு சின்ன வயதில் வந்ததால் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். சில குடும்பங்களில் அந்தத் தவறு பிறப்பிலேயே கூட வருமாம். அப்படியானால் இன்னும் வேகமாக வளருமாம். கூடப்பிறந்தவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் குழாய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்றார். உங்களுக்கு நாற்பத்தொன்று. மாமா எதனால் போனார்? அத்தையைக் கேட்டால் குடல் புண் என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அத்தை என்னைத் திட்டினார்கள். "அந்த எடத்தப் பத்தியெல்லாம் கன்னியாஸ்திரிக்கு எழுதுவியா நைனா? மதரு படிப்பாங்கோ. மானமே பூடும்" என்றார்கள். மதர் படித்தால் படிக்கட்டும்.

ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா? பதில் எழுதுங்கள்.

ஜோ


அஞ்சலட்டை
24.3.2025

ஷைனி அக்காவுக்கு, தோத்திரம். சாம்பல் புதனுக்குப் பிறகு எழுதிவிட்டேன் என்பது இன்றுதான் உறைத்தது. என் கடிதம் மேசை இழுப்பறையில் மூடிக் கிடக்கிறது. கார்டுக்கு உறை இல்லை. அதனால் மூட முடியாது.

உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். என்ன நிறம், தினமுமா, வலி இல்லாமலும் வருமா. செபிப்பதற்கு நிறம் எதற்கு அக்கா?

1. உங்களுக்கு மலத்தில் ரத்தம் வருகிறதா?
2. எத்தனை மாதமாக?
3. எடை குறைந்திருக்கிறதா?

தங்கைக்குக் குடல் புற்றுநோய் என்றால் அக்கா பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. இதை வாசிக்கும் எவரும் தயவுசெய்து மதரிடம் கொடுக்கவும்.

ஜோ, எர்ணாவூர்


மடம்,
31.3.2025

மரியே வாழ்க.

திரு. ஜோ அவர்களுக்கு,

நான் சிஸ்டர் சாண்ட்ரா. இந்த மடத்தில் வெளியே போக அனுமதியுள்ள வாசல் சிஸ்டர் நான்தான். சந்தைக்குப் போவது, தபால் வாங்குவது, சலவை எல்லாம் என் பொறுப்பு. நீங்கள் நலம்தானே? உங்கள் துணைவியாருக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் கார்டு வந்தது. வந்த விதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தபால்காரர் ஞானதுரைக்குக் கண்ணாடி மாற்றியதிலிருந்து எல்லாவற்றையும் உரக்க வாசித்துப் பார்க்கும் பழக்கம். வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சிஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போற கார்டு தப்பா இங்கன வந்திருச்சு போல. மலம்னு போட்டிருக்கு, ரத்தம்னு போட்டிருக்கு" என்றார். பாதிரியாரைப் பார்க்க வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிடுங்காத குறையாக வாங்கி மதரிடம் கொடுத்தேன்.

மதர் வாசித்தார்கள். முகம் காது வரை சிவந்துபோனது. பிறகு ஷைனி சிஸ்டரைக் கூப்பிட்டுக் கார்டைக் காட்டிக் கேட்டார்கள். "ஒன்றுமில்லை மதர். தம்பி துக்கத்தில் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறான்" என்று சிஸ்டர் சிரித்தார்கள். ஆகவே, இங்கே எல்லோரும் சுகம், இனி இப்படிக் கார்டுகள் அனுப்ப வேண்டாம் என்று எழுதும்படி மதர் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தருவாராக.

சிஸ்டர் சாண்ட்ரா

பி.கு. இதை மதர் சொல்லி எழுதவில்லை. சலவை என் பொறுப்பு என்று மேலே எழுதியிருக்கிறேன். இதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.


எர்ணாவூர்,
4.4.2025

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு,

தோத்திரம். தாங்கள் நலமாயிருக்க வேண்டுகிறேன். கார்டு அனுப்பியதற்கு மன்னிக்க வேண்டும். இந்தக் கடிதம் சிஸ்டர் ஷைனிக்கு அல்ல, தங்களுக்கு. ஆகவே தவக்கால ஒழுங்கு இதைத் தடுக்காது என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதாக அறிந்தேன். என் மனைவியும் அப்படித்தான் சொன்னாள், பதினொரு மாதம். என்னிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. பிப்ரவரியில் சிஸ்டர் எழுதிய கடிதத்தைத் தாங்களும் வாசித்திருப்பீர்கள். ரத்தம் வராத ஒருவருக்கு அந்தக் கேள்விகள் தோன்றாது.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. வெல்டு வைத்தவரிடம் "சரியாக வைத்தாயா" என்று கேட்க மாட்டோம். அவர் பொய் சொல்வார் என்பதற்காக அல்ல. உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது. கருவி வைத்துப் பார்ப்போம், அவ்வளவுதான்.

சிஸ்டரின் அப்பா செல்வநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நாற்பத்து நான்கு வயதில் வயிற்றுக் கோளாறில் இறந்தார். மகள் முப்பத்து மூன்றில் குடல் புற்றுநோயில் இறந்தாள். இன்னொரு மகள் தங்கள் பொறுப்பில் இருக்கிறார்.

மூலமாகவும் இருக்கலாம். மூலம் என்றால் நான் அடுத்த பஸ்ஸில் வந்து வாசலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மூலம் என்று முடிவு செய்ய வேண்டியது நானோ, தாங்களோ, சிஸ்டரோ அல்ல. அரை மணி நேரப் பரிசோதனை. முதல்நாள் வயிற்றைச் சுத்தம் செய்ய மருந்து குடிக்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். டாக்டர் இஷ்ரத் மதுரையில் ஒரு பெண் டாக்டரின் பெயரைக் கொடுத்திருக்கிறார், தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

மதர், அவர்களிடம் கேட்காதீர்கள். கேட்டால் மறுபடி சிரிப்பார்கள். கீழ்ப்படிவேன் என்று அவர்கள் தங்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கட்டளையிடுங்கள்.

என்னால் ஜானட்டுக்கு அப்படிக் கட்டளையிட முடியவில்லை.

இப்படிக்கு,
ஜோ


மடம்,
22.4.2025

அல்லேலூயா. உயிர்த்த ஆண்டவரின் சமாதானம்.

தம்பி ஜோ,

சுகமா? அம்மா சுகமா? ஈஸ்டர் அன்று காலை உன் கடிதத்தை மதர் என் கையில் கொடுத்தார்கள். மார்ச் மாதமே எழுதியிருக்கிறாய்.

உன்மேல் எனக்குக் கோபம். ராயபுரத்துப் பாஷையில் உன்னைத் திட்டினேன், மனதுக்குள். பதினெட்டு வருடம் கம்பிக்குப் பின்னால் இருந்தும் அந்த வார்த்தைகள் ஒன்றும் மறக்கவில்லை. ஞானதுரை இப்போது என்னை விசாரிக்கிறாராம். "அந்தச் சிஸ்டருக்கு இப்பப் பரவாயில்லையா?" என்று வாசலில் நின்று கேட்கிறாராம். அடைபட்ட மடத்தில் இருந்துகொண்டு என் வயிறு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பெரிய வியாழனன்று மதர் என்னைக் கூப்பிட்டார்கள். அன்றுதான் நாங்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். என் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, முழங்காலில் இருந்தபடியே, "சிஸ்டர், கீழ்ப்படிதலின் பேரில் சொல்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள்" என்றார்கள். அப்போது சிரிக்க முடியவில்லை.

போன செப்டம்பரிலிருந்து வருகிறது, தம்பி. ஏழு மாதம். மெலிந்ததில் இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு உள்ளே போட்டுவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். செப்டம்பரில்தானே ஜானட்டுக்கு இரண்டாவது மருந்து தொடங்கியது? எனக்கு முதல்முறை வந்தபோது பயந்தேன். பிறகு சந்தோஷப்பட்டேன். இதை அவளுக்காக ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே, என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிடும் என்று வேண்டினேன். மருந்து கேட்டால் ஒப்பந்தம் முறிந்துவிடும் என்று நினைத்தேன். ஜனவரியில் அவள் போனபோது, நான் பட்டது போதவில்லை போலும் என்று நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது. மதர் அதைவிடக் கடுமையான வார்த்தை சொன்னார்கள். "கடவுள் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவர் அல்ல" என்றார்கள்.

இன்னொன்று இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். அப்பாவுக்கும் ரத்தம்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. அவர் லுங்கிகளை நான்தான் துவைத்தேன். வெளியே தெரிந்தால் பெண்களுக்கு மாப்பிள்ளை வராது, குடல் புண் என்று சொல் என்று அம்மா சொன்னார்கள். ஜானட் சின்னக் குழந்தை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வாயைத் திறந்திருந்தால் அவள் லேகியம் வாங்கியிருக்க மாட்டாள்.

மே 6 மதுரையில் பரிசோதனை. சாண்ட்ரா சிஸ்டர் கூட வருகிறார்கள்.

இதை வாசித்த பிறகும் என்னை அக்கா என்று கூப்பிடுவாயா என்று தெரியவில்லை.

ஷைனி


எர்ணாவூர்,
26.4.2025

அன்புள்ள அக்காவுக்கு, தோத்திரம்.

அக்கா என்று தொடங்கிவிட்டேன். அந்தச் சந்தேகம் முடிந்தது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"ஆமா. நாந்தான் சொல்ல வேணாம்னேன். அப்போ இன்னா தெரியும் நைனா? பெரிய ஆஸ்பத்திரில கட்டின்னாங்கோ. கட்டின்னா தொத்திக்கும்னு தெருவே பேசுச்சு. ரெண்டு பொண்ண வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

"இது தொத்தாது அத்தை."

"இப்போ சொல்றே. அப்போ யாரு சொன்னா?"

அன்றைக்கு யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். கையைத் துடைத்துக்கொண்டு, "ஷைனிக்கும் கீதா?" என்று கேட்டார்கள். தெரியாது, பார்க்கப் போகிறார்கள் என்றேன். "நானும் வர்றேன்" என்றார்கள்.

அக்கா, பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது கூடப்பிறந்தவளுக்கும் வரலாம் என்று யார் சொல்லியிருக்க முடியும்? ஜானட்டின் குடலில் அந்த முதல் செல் எந்த நாளில் தவறு செய்தது என்று டாக்டருக்கே தெரியாது. அது உங்கள் வேண்டுதலைக் கேட்டு நிற்கவும் இல்லை, நீங்கள் பேசாததால் தொடங்கவும் இல்லை. கண்டுபிடிக்கத் தாமதமானது மட்டும்தான் மனிதர்கள் செய்தது. அதில் உங்களுக்கு ஒரு பங்கு என்றால் அவளோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கு அதைவிடப் பெரிய பங்கு.

மருந்துத் தண்ணீரைக் குளிர வைத்துக் குடியுங்கள். ஜானட் உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்தாள். சுலபமாக இருந்தது என்றாள்.

ஜோ


மடம்,
20.5.2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பி,

நலமா? நான் நலம் என்று வழக்கம்போல் எழுதப் பேனாவை வைத்தேன். இந்த முறை உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று மதர் கட்டளை.

முதலில் அந்தத் தண்ணீர். இரண்டு லிட்டர், கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. உறிஞ்சுகுழல் இங்கே எங்கே கிடைக்கும்? சாண்ட்ரா பப்பாளித் தண்டு வெட்டிக் கொடுத்தார்கள். மௌன நேரத்தில் பதினான்கு முறை கதவு திறந்து மூடிய சத்தம். எண்பது வயது சிஸ்டர் ஒருவர் மறுநாள் என்னிடம், "நேற்று இரவு எத்தனை பேர் செபிக்க எழுந்தீர்கள்?" என்று கேட்டார்கள்.

பரிசோதனையின்போது அரை மயக்கம்தான். திரையில் என் குடலை நானே பார்த்தேன். மீன்காரி பேத்தி அல்லவா, பயம் வரவில்லை. வஞ்சிரத்தைக் கிழித்தால் உள்ளே இருக்குமே, அதே சிவப்பு, அதே ஈரம். டாக்டர் விரல் காட்டி, "இது ஒண்ணு, இது ரெண்டு" என்றார். சின்னக் காளான்கள். நீ எழுதியபடியே கம்பிச் சுருக்குப் போட்டு நறுக்கினார். வலிக்கவே இல்லை. மூன்றாவதுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அதில் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான், தம்பி. ஸ்கேனும் எடுத்தார்கள். சுவருக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தாண்டவில்லை, வேறெங்கும் போகவில்லை என்கிறார்கள். ஜூன் 5 காலை ஆபரேஷன். அந்தப் பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி இரு முனையையும் சேர்ப்பார்களாம். உன் வேலை மாதிரிதான். பக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்வார்களாம். இந்த நிலையில் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள், இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்தது. எனக்காக அல்ல. அவளுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும் அல்லவா? அவளுக்குள்ளும் அது சின்னக் காளானாக இருந்த நாள். அன்று அவள் என்ன செய்துகொண்டிருந்தாளோ.

ஆபரேஷன் அன்று வீட்டார் இருக்கலாம் என்று மதர் அனுமதித்திருக்கிறார்கள். வருவாயா? லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

ஷைனி


மதுரை,
5.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நலமா என்று இப்போது கேட்க முடியாது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். 8.40-க்கு உருட்டிக்கொண்டு போனார்கள். கண் விழித்ததும் கொடுக்கச் சொல்லி இதைச் சாண்ட்ரா சிஸ்டரிடம் தருவேன். பக்கத்தில்தான் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தை பெஞ்சின் மறுமுனையில். காலையில் உங்களைப் பார்த்ததும் திட்டினார்களே, "இன்னாடி இப்டி எளச்சி பூட்டே, சோறு போடுறாங்களா இல்லியா" என்று, அப்போதிருந்து இப்படித்தான். உங்கள் கன்னத்தைத் தொட்ட கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பதினெட்டு வருடமாகக் கம்பி வழியாக விரல்தானே தொட்டிருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வராது.

2023 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஜானட் சமையலறை வாசலில் நின்று, "ஜோ, ஒண்ணு சொல்லணும். ரெண்டு மூணு வாரமா எனக்கு ரத்தம்..." என்று ஆரம்பித்தாள். அப்போது யார்டிலிருந்து போன். நான் அவளைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினேன். ஒரு நிமிஷம் என்று. எழுந்து வெளியே போனேன். ஒரு வெல்டு பாஸா ஃபெயிலா என்று நாற்பது நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது தட்டு போட்டு வைத்திருந்தாள். "இன்னா சொல்ல வந்தே?" என்றேன். "ஒண்ணியும் இல்ல, லேசா மூலம். சாப்டு" என்றாள். நான் சாப்பிட்டேன்.

இதை டாக்டரிடம் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. அத்தையிடமும் இல்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். எழுதும்போது காகிதத்தில் இரண்டு இடம் நனைந்துவிட்டது. ஐந்து மாதத்தில் இது முதல்முறை. மை கலைந்த இடத்தை மன்னியுங்கள்.

மணி 10.15. கதவு இன்னும் திறக்கவில்லை. காலையிலிருந்து பீம்ராவ் நாலு முறை கூப்பிட்டுவிட்டார். ஏதோ ஜாயின்ட் சந்தேகமாம், நான் சொன்னால்தான் கப்பல் நகருமாம். அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் கண் விழித்ததும் என்ன பேசினாலும் கேட்கிறேன் அக்கா. வலிக்கிறது என்றாலும், தண்ணீர் வேண்டும் என்றாலும், ராயபுரத்துப் பாஷையில் திட்டினாலும். பாதியில் எழுந்து போக மாட்டேன். போனை அணைத்துவிட்டேன்.

ஜோ